எதுக்கெடுத்தாலும் போன் பண்ற டெனன்ட்டை எப்படி சமாளிக்கிறது? புது ஹவுஸ் ஓனர்களுக்கு

வாடகை கரெக்டா வந்துடும், ஆளும் நல்லவர்தான், ஆனா தினம் ஒரு கம்ப்ளைண்ட், ராத்திரி 11 மணிக்கும் மெசேஜ். முதல் தடவை வீட்டை வாடகைக்கு விட்டவங்க இதுல வெறுத்துப் போய் போனை எடுக்காம விட்டுடறாங்க, தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க, ஏன்னா வர்ற பத்து மெசேஜ்ல ஒண்ணு நிஜமான தண்ணிக் கசிவா இருக்கும், அதை விட்டா கெட்டுப்போறது உங்க சுவர்தான்.

முதல் ஸ்டெப், வர்றதை மூணா பிரிங்க. கேஸ் வாசனை, ஷாக் அடிக்கிறது, பைப் உடையறது, வாசல் பூட்டு வேலை செய்யாதது எல்லாம் அவசரம், நடுராத்திரின்னாலும் எடுக்கணும் (கேஸ் வாசனைன்னு சொன்னா எந்த சுவிட்சையும் தொடாம உடனே வெளிய வரச் சொல்லுங்க, மத்ததெல்லாம் அப்புறம்). குழாய் சொட்டுது, கதவு சரியா மூடலைன்னா அது ரிப்பேர், சில நாள்ல முடிச்சுக் கொடுக்கலாம். பெயிண்ட் கலர் பிடிக்கலை, இன்னும் ரெண்டு கப்போர்டு வேணும்னா அது ஆசை. கேக்கறதுல தப்பே இல்ல, ஆனா செஞ்சே ஆகணும்னு உங்களுக்குக் கட்டாயமும் இல்ல.

ரெண்டாவது, ஆளை அனுப்பறதுக்கு முன்னாடி கேள்வி கேளுங்க. பாதி பிரச்சினை இங்கயே தெளிஞ்சுடும். சுவர்ல கருப்பா பூஞ்சைன்னு போட்டோ வருதுன்னு வைங்க, ஜன்னல் ஓரம், பாத்ரூம் சீலிங், பீரோவுக்குப் பின்னாடி மட்டும்னா பெரும்பாலும் உள்ள இருக்கிற ஈரப்பதம் சுவர்ல படியறதுதான் காரணம், குளிச்சதும் எக்ஸாஸ்ட் ஃபேன் போடணும், ஜன்னலைத் திறக்கணும், துணியை உள்ள காயப்போடாம இருந்தா குறையும். அதே கறை ஒரு இடத்துல ஆரம்பிச்சு நாளுக்கு நாள் பெருசானா பைப்போ மேல்தளமோ கசியுது, அது உங்க பொறுப்பு, உடனே பாருங்க. கரண்ட் ட்ரிப் ஆகுதுன்னாலும் இப்படித்தான், ஹீட்டரும் அயர்ன் பாக்ஸும் சேர்ந்து ஓடறப்போ மட்டும்னா லோடு அதிகம், எல்லா பிளக்கையும் கழட்டின பிறகும் ட்ரிப் ஆனா பெரும்பாலும் வயரிங்ல கோளாறு, எலக்ட்ரீஷியன் வந்தே ஆகணும்.

மூணாவது, அவசரம் தவிர எல்லாமே மெசேஜ்ல, போட்டோவோட வரட்டும். நீங்களும் "பாக்கலாம்"னு இழுக்காம தேதி சொல்லுங்க, "வியாழக்கிழமை காலைல பிளம்பர் வருவார்"னு. பதில் எப்போ வரும்னு தெரியாததாலதான் நிறைய பேர் திரும்பத் திரும்ப கூப்பிடறாங்க, நான் பாத்த வரைக்கும் தேதி சொன்னாலே பாதி போன் நின்னுடும். வேலை முடிஞ்சதும் போட்டோ, பில் ரெண்டையும் எடுத்து வைங்க, பின்னாடி அட்வான்ஸ் கணக்குல சண்டை வந்தா அதுதான் பேசும்.

நாலாவது, முடியாதுன்னு சொல்றது. நிறைய பேருக்கு இதுதான் கஷ்டம். காரணத்தை நீட்டினா பேரம் ஆரம்பிச்சுடும், அதனால சுருக்கமா, மரியாதையா, இப்படி அனுப்புங்க: "சார், கப்போர்டு இப்போதைக்கு நான் போடலை. நீங்க உங்க செலவுல போட்டுக்கலாம், சுவர்ல ஓட்டை போடறதுக்கு முன்னாடி டிசைன் அனுப்புங்க, காலி பண்றப்போ எடுத்துட்டு சுவரைப் பழையபடி பண்ணிக் கொடுத்துடுங்க." மறுபடி கேட்டா அதே பதில்தான், குரலை உயர்த்த வேணாம்.

இவ்வளவுக்கு அப்புறமும் ஒத்து வரலைன்னா அக்ரிமென்ட் முடியற வரைக்கும் பொறுத்துட்டு, அதுல இருக்கிற நோட்டீஸ் காலத்தோட, உங்க ஊர் வாடகைச் சட்டத்தையும் பாத்துட்டு, புதுப்பிக்கலைன்னு எழுத்துல சொல்லுங்க. கோவத்துல தண்ணியை, கரண்டை கட் பண்றது, சொல்லாம வீட்டுக்குள்ள போறது, பூட்டை மாத்தறது எல்லாம் கூடவே கூடாது, அவங்க எவ்வளவு தொல்லை கொடுத்திருந்தாலும் கேஸ் உங்க மேலதான் திரும்பும். அடுத்து வர்றவங்களுக்கு எந்த ரிப்பேர் யார் செலவு, எந்த நேரத்துல கூப்பிடலாம்னு அக்ரிமென்ட்லயே எழுதிடுங்க, சாவி கொடுக்கறப்போ ஒவ்வொரு ரூமையும் ரெண்டு பேரும் சேர்ந்து பாத்து வீடியோ எடுத்துக்கோங்க.