உலக கூட்டாட்சி பத்தி பேசும்போது தவிர்க்க வேண்டிய தப்புகள்

உலக கூட்டாட்சின்னா எல்லா நாட்டையும் கலைச்சுட்டு ஒரே அரசாங்கம் உக்காந்து ஆட்டி வைக்கும்னு நெனைக்கிறதுதான் முதல் தப்பு, இதுலயே பாதி பேரு பயந்து ஒதுங்கிடுறாங்க. நம்ம அரசியல் சட்டத்துல மத்திய பட்டியல், மாநில பட்டியல்னு பிரிச்சிருக்காங்கல்ல, அதே மாதிரிதான். அணு ஆயுதம், போர், பருவநிலைன்னு எந்த நாடும் தனியா தீர்க்க முடியாதது மட்டும் மேல போகும், மத்ததெல்லாம் அந்தந்த நாட்டுக்கிட்டயே இருக்கும். மேல போன அதிகாரத்த கேள்வி கேக்க மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பின ஆளுங்க அங்க இருக்கணும், அது இல்லன்னா நானும் இத எதிர்ப்பேன்.

"அதான் ஐ.நா. இருக்கே"ன்னு சொல்றதும் தப்புங்க. அங்க இருக்கிறது அரசாங்கம் அனுப்பின தூதருங்க, நாம ஓட்டுப் போட்டவங்க ஒருத்தர் கூட கிடையாது. பொதுச்சபைல 193 நாடு, நாட்டுக்கு ஒரு ஓட்டு, பத்தாயிரம் பேரு வாழுற துவாலுவுக்கும் ஒண்ணு, 140 கோடிய தாண்டின இந்தியாவுக்கும் ஒண்ணு. சரி தலைக்கு ஒரு ஓட்டுன்னு வெச்சுக்கலாம்னு உடனே தாவிடாதீங்க, அப்படி வெச்சா சின்ன நாடு எதுவும் உள்ளயே வராது. ஐரோப்பிய பார்லிமென்ட்ல இதுக்கு ஒரு நடுவழி வெச்சிருக்காங்க. மொத்தம் 720 சீட்டு, அதுல ஜெர்மனிக்கு 96, மால்டாவுக்கு 6. கணக்கு போட்டா ஜெர்மனி உறுப்பினர் ஒருத்தருக்கு எட்டு லட்சம் பேருக்கு மேல வருது, மால்டாவுல ஒரு லட்சம் கூட வரல. முழு நியாயம்னு சொல்ல மாட்டேன், ஆனா பெரிய நாடும் சின்ன நாடும் ஒரே சபைல உக்கார முடிஞ்சிருக்கு.

எனக்கு ரொம்ப வருத்தமான தப்பு, "அஞ்சு நாட்டுக்கிட்ட வீட்டோ இருக்கு, எதுவும் மாறாது"ன்னு கைய கழுவுறது. வீட்டோன்னா ஐ.நா. பாதுகாப்பு சபைல அந்த அஞ்சு பேர்ல ஒருத்தர் வேண்டாம்னாலும் தீர்மானம் விழுந்துடும். 1963 டிசம்பர்ல பாதுகாப்பு சபைய 11ல இருந்து 15 ஆக்குற தீர்மானம் வந்தப்ப சோவியத் யூனியனும் பிரான்சும் எதிர்த்து ஓட்டுப் போட்டாங்க, அமெரிக்காவும் பிரிட்டனும் ஓட்டே போடல, ஆதரிச்சது அந்த அஞ்சுல அப்ப சீனாவோட சீட்ல இருந்த தைபே (தைவான்) அரசு மட்டும்தான். ஆனா புதுசா விடுதலை அடைஞ்ச ஆப்பிரிக்க, ஆசிய நாடுங்க ஒண்ணா நின்னதால 1965க்குள்ள அஞ்சு பேருமே ஒப்புதல் குடுத்துட்டாங்க. 1998ல ரோம்ல சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்கு ஓட்டெடுப்பு நடந்தப்பவும் அமெரிக்காவும் சீனாவும் எதிர்த்தாங்க, 120 நாடு ஆதரிச்சுது, 2002ல கோர்ட்டு நடைமுறைக்கே வந்துடுச்சு. பெரிய நாடுங்க பல பேரு அதுல சேரல, அது பெரிய குறைதான், ஆனா அவங்களுக்காக மத்தவங்க காத்திருக்கல.

கடைசியா, முதல் நாளே முழு அதிகாரத்தோட உலக பார்லிமென்ட் வேணும், இல்லன்னா வேண்டவே வேண்டாம்னு நிக்கிறது. இன்னிக்கு ஐரோப்பிய பார்லிமென்ட்டா இருக்கிற சபை 1952ல முதல்ல கூடினப்ப 78 பேருதான், அவங்களும் நாட்டு பார்லிமென்ட்டுங்க நியமிச்சு அனுப்பினவங்க, சட்டம் போடுற அதிகாரமும் கிடையாது. மக்கள் நேரடியா ஓட்டுப் போட்டது 1979லதான், 27 வருஷம் ஆச்சு. அதே மாதிரி ஐ.நா.வுக்குள்ள மொதல்ல நாட்டு எம்.பி.ங்கள வெச்சு ஒரு ஆலோசனை சபை ஆரம்பிக்கணும்னு 2007ல இருந்து ஒரு இயக்கம் கேட்டுட்டு இருக்கு, ஐ.நா. சாசனத்தோட 22வது பிரிவுப்படி துணை அமைப்பு உருவாக்க பொதுச்சபையோட ஓட்டே போதும், அங்க யாருக்கும் வீட்டோ கிடையாது.