எழும்பூர் மியூசியத்துக்கு அப்பாவை அழைத்துப் போவது எப்படி

என் அப்பா இன்றும் அதைச் 'செத்த காலேஜ்' என்றுதான் சொல்வார். அவர் சிறுவனாக இருந்தபோது மிருகக்காட்சிச் சாலை உயிர் காலேஜ், எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ். இப்போது அவருக்கு 76 வயது, ஒரு முழங்காலில் ஆபரேஷன் ஆனவர். குரோம்பேட்டையிலிருந்து நான்கு முறை அவரை அங்கே கூட்டிப் போயிருக்கிறேன். வயதானவர்களோடு போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வளாகத்தில் ஆறு கட்டடங்கள், 46 காட்சிக்கூடங்கள். காலில் இருக்கும் தெம்பு முழுவதும் உள்ளே நடக்கத்தான் வேண்டும். கேட்டுக்கு வருவதற்குள்ளேயே அதைக் கரைத்துவிடக் கூடாது.

முதல் முறை காரில் போனோம். சனிக்கிழமை, வீட்டை விட்டுக் கிளம்பவே பத்தரை ஆகிவிட்டது. போய்ச் சேர்ந்தபோது உள்ளே மரத்தடி எல்லாம் வண்டிகள், பள்ளிக்கூட வேன்கள் வேறு. பக்கத்துத் தெருவில் இடம் தேடி நிறுத்திவிட்டு வெயிலில் நடந்து வந்தோம். அமராவதிச் சிற்பங்களைப் பார்த்து முடித்ததும் அப்பா உட்கார்ந்துவிட்டார். வெண்கலக் கூடத்தில் இருக்கும் திருவாலங்காடு நடராஜரைப் பார்க்கத்தான் அவர் வந்ததே. பார்க்காமலே திரும்பினோம். அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அதனால் காரில்தான் போக வேண்டும் என்றால் காலை 9.30க்கு, திறக்கும்போதே அங்கே இருங்கள். பெரியவரைக் கட்டடத்துக்கு அருகில் இறக்கி, கூட ஒருவரை விட்டுவிட்டு, அப்புறம் வண்டியை நிறுத்தப் போங்கள். பாந்தியன் சாலையில் ஓரமாக நிறுத்தலாம் என்று நினைக்காதீர்கள். அங்கே மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது, ஆம்புலன்ஸ் வந்து போகும் சாலை அது.

எனக்குப் பிடித்தது காரைப் பாதி வழியில் விட்டுவிடுவது. ஆலந்தூர், கோயம்பேடு மெட்ரோ நிலையங்களில் வாகன நிறுத்தம் உண்டு. இரண்டுமே பச்சை வழித்தடத்தில் இருப்பதால் மாறாமல் எழும்பூரில் இறங்கலாம். விமான நிலையம் பக்கமிருந்து நீல வழித்தடத்தில் வருபவர்கள் ஆலந்தூரிலேயே மாறிக்கொள்ளலாம். லிஃப்ட் இருக்கிறது, அப்பாவுக்கு அதுதான் பெரிய விஷயம்.

எங்களைப் போல ஜிஎஸ்டி சாலைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கடற்கரை போகும் மின்சார ரயில் போதும். கிளாம்பாக்கத்தில் வெளியூர் பஸ்ஸை விட்டு இறங்குபவர்களும் தாம்பரம் வந்து இதே ரயிலைப் பிடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் குறைவு. தண்டவாளப் பராமரிப்பு என்று சில மணி நேரம் நிறுத்தி வைப்பதும் உண்டு. முந்தின நாளே அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

எழும்பூரில் இறங்கியதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெட்ரோ நிலையம் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம், மின்சார ரயில் நிற்பதும் அந்தப் பக்கம்தான். மியூசியம் இருப்பதோ நிலையத்துக்குத் தெற்கே, காந்தி இர்வின் சாலையையும் தாண்டி. வெளியே வந்த இடத்திலேயே ஆட்டோ பிடித்தால் சுற்றிக்கொண்டு போகும். நடக்க முடிந்தவர்கள் ரயில் நிலைய மேம்பாலத்தைக் கடந்து காந்தி இர்வின் சாலைக்கு வந்துவிடலாம். அங்கிருந்து கால் மணி நேர நடைதான். அப்பாவோடு போகும்போது நான் சுற்று வழி ஆட்டோவையே பிடிக்கிறேன். படி ஏறி இறங்கும் வலிக்கு அந்தக் கூடுதல் காசு எவ்வளவோ மேல். மியூசியம் என்றாலும் சரி, கன்னிமாரா லைப்ரரி என்றாலும் சரி, ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும். இரண்டும் ஒரே வளாகம்தான்.

வெள்ளிக்கிழமை மியூசியத்துக்கு விடுமுறை. ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 அன்றும் திறக்க மாட்டார்கள். நான் செவ்வாய் அல்லது புதன் போகிறேன், கூட்டம் குறைவாக இருக்கும்.

உள்ளே போனதும் பெரியவர் எதைப் பார்க்க வந்தாரோ அதை முதலில் காட்டிவிடுங்கள். இரண்டாவது முறை டிக்கெட் வாங்கியதும் நேராக வெண்கலக் கூடத்துக்குத்தான் போனோம். நடராஜர் முன்னால் அப்பா பத்து நிமிஷம் அசையாமல் நின்றார், முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரரையும் பார்த்த பிறகுதான் மற்ற கட்டடங்கள்.

ஐந்து மணிக்கு மூடுவார்கள், ஆனால் அதுவரை இருக்காதீர்கள். ஐந்தரைக்கு மேல் தாம்பரம் போகும் ரயிலில் பெரியவர்களுக்கு உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். மூன்றரைக்கே ஆட்டோ ஏறிவிட்டால் நாலு மணி ரயிலில் ஜன்னல் ஓரமே கிடைக்கும்.