ரிசர்வேஷனுக்குள் ஆலைப் புகை: புகாரை யாரிடம், எப்படிக் கொடுப்பது?

அமெரிக்காவில் பழங்குடி ரிசர்வேஷனுக்குள் (பழங்குடி மக்களுக்கென ஒதுக்கப்பட்ட, அவர்களுடைய அரசு இயங்கும் நிலப்பகுதி) ஓர் ஆலை விதியை மீறிப் புகை விடுகிறது என்றால், அதன்மேல் நடவடிக்கை எடுக்க வைப்பது முடியாத காரியம் இல்லை. ஐடஹோவில் ஒரு ரிசர்வேஷனில் வசிக்கும் தோழியின் குடும்பத்தோடு, ஆய்வாளர் ஆலைக்கு வரும்வரை நானும் கூட இருந்தேன். சுத்தக் காற்றுச் சட்டத்தின் வரலாற்றை விட்டுவிட்டு நேரே வேலைக்குப் போவோம்.

படி 1: நிலம் யாருடைய அதிகாரத்தில்?

எங்களை அதிகம் அலைய வைத்தது இதுதான். முதலில் புகார் போன அலுவலகம், "இது எங்கள் எல்லை இல்லை" என்று கைவிரித்துவிட்டது.

பொதுவாக ரிசர்வேஷனுக்குள் மாநிலத்தின் காற்று விதிகள் செல்லாது. அங்கே அதிகாரம் கூட்டாட்சி அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏவிடமோ, அதனிடம் பொறுப்பு பெற்ற பழங்குடி அரசிடமோ இருக்கும். பழங்குடி அரசு அந்தப் பொறுப்பை ஏற்க 1998-ல் வந்த விதி வழி திறந்தது. ஆனால் யார் எதை ஏற்றிருக்கிறார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். நவஹோ பழங்குடி அரசான நவஹோ நேஷனின் சுற்றுச்சூழல் முகமை 2004 முதல் பெரிய ஆலைகளின் இயக்க உரிமங்களைக் கவனிக்கிறது. கொலராடோவின் சதர்ன் யூட் பழங்குடி மக்கள் 2012-ல் சொந்த உரிமத் திட்டத்துக்கே ஒப்புதல் வாங்கினார்கள். ஐடஹோ, ஓரிகன், வாஷிங்டனில் உள்ள 39 ரிசர்வேஷன்களுக்கு 2005-ல் இபிஏவே தனி விதிகள் போட்டது.

அஞ்சல் முகவரியை நம்பாதீர்கள். ஐடஹோவின் பொகடெல்லோ ஊருக்குப் பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு பாஸ்பேட் ஆலைகள் இருந்தன. ஒன்று ஃபோர்ட் ஹால் ரிசர்வேஷனுக்குள், இன்னொன்று மாநிலத்தின் பக்கம். மக்கள் சுவாசித்தது ஒரே காற்றை, ஆனால் ஆலைகளைக் கேள்வி கேட்கும் அதிகாரம் வேறு வேறு. உள்ளே இருந்த எஃப்எம்சி ஆலைக்கென்றே இபிஏ 2000-ல் தனி விதித் தொகுப்பு கொண்டுவந்தது. 2001 கடைசியில் அந்த ஆலை மூடப்பட்டது.

எல்லையைப் பார்க்க எனக்குப் பிடித்தது அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் டைகர்வெப் வரைபடம். பார்த்த பிறகும் பழங்குடி அரசின் சுற்றுச்சூழல் அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள். அவர்களுடைய மண், அவர்களைத் தாண்டிப் போகக் கூடாது.

படி 2: ஆலையின் சொந்த எழுத்து

இபிஏவின் 'எக்கோ' தளத்தில் ஆலையின் பெயரைத் தேடினால் சோதனைகள், மீறல்கள், அபராதங்கள் கிடைக்கும். அதோடு நிறுத்தாதீர்கள். பெரிய ஆலைகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்காணிப்பு அறிக்கை தர வேண்டும். உரிம நிபந்தனையிலிருந்து விலகியதையெல்லாம் அவர்களே அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அதைவிட வலுவான ஆதாரம் கிடையாது. இணையத்தில் இல்லையென்றால் தகவல் சுதந்திரச் சட்டத்தில் இபிஏவிடம் கேளுங்கள். 20 வேலை நாள் என்பது சட்டக் கணக்கு, கூடுதலாகவும் இழுக்கும்.

படி 3: புகையைப் பதிவு செய்வது

அந்த 39 ரிசர்வேஷன்களில், ஆறு நிமிடச் சராசரியில் புகையின் அடர்த்தி (பின்னால் இருப்பதை அது எவ்வளவு மறைக்கிறது என்பது) 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. ஆய்வாளர்கள் 15 விநாடிக்கு ஒருமுறை பார்த்து 24 அளவுகள் எடுப்பார்கள். அதற்கான சான்றிதழை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நம்மிடம் சான்றிதழ் இல்லாவிட்டாலும் முறையைப் பின்பற்றலாம்: சூரியன் முதுகுப் பக்கம் இருக்கட்டும், தேதி நேரத்தோடு படம் எடுங்கள், காற்றின் திசையை நோட்டில் குறியுங்கள். வெறும் நீராவியைப் புகை என்று எழுதிவிட்டால் புகாரின் மதிப்பே போய்விடும். புகைபோக்கியிலிருந்து கொஞ்ச தூரத்தில் வெண்மை சட்டென மறைந்தால் அது பெரும்பாலும் நீராவிதான்.

மலிவான காற்றுத் தர சென்சார்களைப் பலர் வாங்குகிறார்கள். குழந்தைகளை வெளியே விளையாட விடலாமா என்று பார்க்க அவை நல்லவை. தூசி எந்தப் புகைபோக்கியிலிருந்து வந்தது என்று அவை சொல்லாது. புகாருக்கு நான் நோட்டையும் கேமராவையும்தான் நம்புவேன்.

படி 4: புகார்

"புகை தாங்க முடியவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். உரிமத்தின் எந்த நிபந்தனை, எந்தத் தேதியில், எந்த நேரத்தில் மீறப்பட்டது என்று எழுதுங்கள். ஒரு பிரதி பழங்குடி அலுவலகத்துக்கு, ஒரு பிரதி இபிஏ வட்டார அலுவலகத்துக்கு (ஐடஹோவுக்கு சியாட்டில்). அப்புறமும் அசையவில்லையென்றால் குடிமக்களே வழக்குப் போடலாம். அதற்கு 60 நாள் முன்னறிவிப்பு தேவை, வக்கீலும் தேவை.

பின்சேர்க்கை: "ஆலை நிற்கும் இடத்தை நிறுவனம் விலைக்கு வாங்கிவிட்டதே, அப்போது மாநிலச் சட்டம்தானே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. ரிசர்வேஷன் எல்லைக்குள் தனியார் பட்டா நிலமும் அடக்கம். பத்திரம் யார் பெயரில் இருந்தாலும் புகார் இபிஏவுக்கும் பழங்குடி அலுவலகத்துக்குமே போக வேண்டும்.