பழைய லேத்தில் டெயில்ஸ்டாக்கை நேராக்கிய என் அனுபவம்

லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) இரண்டு சென்டருக்கு (தண்டின் இரு முனையையும் தாங்கும் கூர்முனைகளுக்கு) நடுவே போட்டுக் கடைந்த தண்டு டெயில்ஸ்டாக் (தண்டின் வலது முனையைத் தாங்கும், நகர்த்தக்கூடிய பாகம்) பக்கம் பருமனாகவே வந்துகொண்டிருந்தது, 200 மி.மீ. நீளத்தில் விட்டம் 0.08 மி.மீ. வித்தியாசம். சக்கில் (தண்டைக் கவ்விப் பிடிக்கும் பாகத்தில்) மட்டும் ஒரு தடித்த தண்டைப் பிடித்துக் கடைந்தால் சீராக வந்தது. அப்படியென்றால் ஹெட்ஸ்டாக்கில் (தண்டைச் சுழற்றும் இடது பாகத்தில்) குறை இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது உயரம், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பழைய மெஷினில் டெயில்ஸ்டாக்கின் அடிப்பாகம் தேய்ந்து இறங்கியிருக்கும். சென்டர்களுக்கு நடுவே டெஸ்ட் பாரை (துல்லியமாகச் செய்த நேரான உருளைக் கம்பியை) போட்டு, மேலே டயலை (நுண்ணிய வித்தியாசத்தை முள்ளால் காட்டும் அளவுகருவியை) ஓட்டினால் டெயில்ஸ்டாக் முனை 0.1 மி.மீ. தாழ்வாக இருந்தது. அடித்தட்டுக்கும் மேல் உடலுக்கும் இடையே அதே கனத்தில் ஷிம் தகடு (உயரம் கூட்ட வைக்கும் மெல்லிய தகடு) வைத்தேன்.

அப்புறம் பக்கவாட்டு. அந்த முனை தடித்தால் டெயில்ஸ்டாக் டூலை (வெட்டும் உளியை) விட்டு விலகி நிற்கிறது என்று அர்த்தம், நம் பக்கம் இழுக்க வேண்டும், அதுவும் விட்ட வித்தியாசத்தில் பாதிதான், 0.04 மி.மீ.. டயல் முள்ளைக் குவில் (டெயில்ஸ்டாக்கில் சென்டரைப் பிடித்திருக்கும் குழல்) மேல் பக்கவாட்டில் வைத்து, டெயில்ஸ்டாக்கைப் பக்கவாட்டில் நகர்த்தும் ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்தி எதிர் ஸ்க்ரூவை மெதுவாக இறுக்கினேன். பெட்டோடு (லேத்தின் அடித்தண்டவாளத்தோடு) பிடிக்கும் நட்டை இறுக்கும்போது முள் மறுபடி நகரும், அதனால் இறுக்கிய பிறகு காட்டும் அளவை மட்டும் நம்புங்கள். சரி, மறுபடி கடைந்து அளந்தேன்: இரண்டு முனைக்கும் வித்தியாசம் 0.01 மி.மீ.-க்குள்.