அரசு அறிவிக்கும் ஆய்வுப் பரிசுப் போட்டியில் பங்கேற்பது எப்படி?

ஆய்வு மானியங்களுக்கு விண்ணப்பித்துப் பழகியவர்கள், பரிசுப் போட்டி ஒன்றில் முதன்முறையாக இறங்கும்போது, இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான் என்று எண்ணிக்கொள்கிறார்கள். மானியத்தில் அரசு உங்கள் திட்டத்தை நம்பிப் பணத்தை முன்னதாகத் தருகிறது. ஆய்வு எதிர்பார்த்த முடிவைத் தராமல் போனாலும், செய்த வேலைக்கும் செலவிட்ட பணத்துக்கும் ஒழுங்காகக் கணக்குக் காட்டினால் கடமை முடிந்தது. பரிசுப் போட்டியில் அரசு முடிவுக்கு மட்டுமே பணம் தருகிறது. அந்த முடிவை எட்டும்வரை ஆகும் செலவு, கழியும் மாதங்கள், தோற்றுப்போகும் அபாயம் எல்லாமே பங்கேற்பவரின் பொறுப்பு. பலர் உழைத்து ஓரிருவருக்கு மட்டும் பணம் போகும் இந்த ஏற்பாட்டில் அரசுக்கே ஆதாயம் அதிகம் என்பதை அறிந்துகொண்டே உள்ளே போவது நல்லது.

இறங்குவதா, வேண்டாமா?

பதிவுப் படிவத்தைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை எழுதிப் பாருங்கள்: பரிசு கிடைக்காவிட்டால் நம் கையில் என்ன மிஞ்சும்? ஓர் ஆய்வுக் கட்டுரையோ, விற்கக்கூடிய ஒரு கருவியோ, அடுத்த திட்டத்துக்குப் பயன்படும் தரவோ மிஞ்சும் என்றால் இறங்கலாம். பரிசுத் தொகை ஒன்றே காரணம் என்றால், பெரும்பாலான போட்டிகள் இறங்கத் தகுந்தவை அல்ல என்பது என் கருத்து.

இதற்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான டார்ப்பா நடத்திய ஓட்டுநரில்லா வண்டிப் போட்டிகள் நல்ல உதாரணம். 2004 மார்ச்சில் மொஹாவி பாலைவனத்தில் நடந்த முதல் போட்டிக்கு 10 லட்சம் டாலர் பரிசு அறிவிக்கப்பட்டது. கடக்க வேண்டிய தொலைவு ஏறத்தாழ 140 மைல். 15 வண்டிகள் தேர்வாகியிருந்தும், எல்லாவற்றிலும் அதிக தூரம் போன கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் வண்டிகூட ஏழரை மைலைத் தாண்டவில்லை. பரிசு யாருக்கும் போகவில்லை. 2005-இல் பரிசு 20 லட்சம் டாலராக உயர்ந்தது, 5 வண்டிகள் முழுத் தொலைவையும் கடந்தன, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ‘ஸ்டான்லி’ வென்றது. கார்னகி மெல்லனின் வண்டி சில நிமிடங்கள்தான் பின்தங்கியது. ஆனால் இரண்டாம் பரிசு என்று ஒன்று வைக்கப்படாததால் அதற்கு எதுவும் கிடைக்கவில்லை. 2007-இல் நகரச் சாலைகளை மாதிரியாகக் கொண்டு நடந்த அடுத்த போட்டியில் அந்தப் பல்கலைக்கழகமே முதலிடம் பெற்றது. முந்தைய இரு தோல்விகளில் சேர்ந்த அனுபவத்துக்கு இதில் பங்கில்லை என்று சொல்ல முடியாது. 2007 போட்டியில் இரண்டாம், மூன்றாம் இடங்களுக்கும் முறையே 10 லட்சம், 5 லட்சம் டாலர் இருந்தன. ஆக, ஒரே அமைப்பு ஒரே வரிசையில் நடத்தும் போட்டிகளிலும் பரிசுப் பங்கீடு ஆண்டுக்கு ஆண்டு மாறும். சென்ற முறை இருந்தது இம்முறையும் இருக்கும் என்று கணக்குப் போட வேண்டாம்.

பரிசு பல கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தால், அதாவது முதல் கட்டத்தில் கருத்துருவுக்கும், அடுத்ததில் முன்மாதிரிக்கும், கடைசியில் களச் சோதனைக்கும் தனித்தனியாகத் தொகை வைத்திருந்தால், சிறிய குழுக்களுக்கு அது பெரிய உதவி. முதல் கட்டப் பணமே இரண்டாம் கட்டச் செலவை ஓரளவு தாங்கும். முதல் கட்டத்தோடு விலகினாலும் அதிகம் இழக்க மாட்டீர்கள்.

விதிமுறைகளை வாசிப்பது

செய்தி அறிக்கையும் இணையத்தில் உள்ள சுருக்கமும் விளம்பரம். கட்டுப்படுத்துவது விதிமுறை ஆவணம் மட்டுமே. அதைக் குழுவில் இருவர் தனித்தனியே முழுமையாகப் படித்து, ஒவ்வொருவரும் தமக்குப் புரிந்ததை எழுதி, பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பது சிறந்த முறை. இருவரும் வேறுவேறாகப் புரிந்துகொண்ட இடங்களே பிற்பாடு தகராறு எழும் இடங்கள்.

எண்களால் சொல்லப்பட்ட நிபந்தனைகள் பெரும்பாலும் சிக்கல் தருவதில்லை. ‘நடைமுறைக்கு உகந்த’, ‘போதுமான’, ‘புதுமையான’ போன்ற சொற்களைத்தான் கோடிட்டு வைக்க வேண்டும். கடலில் தீர்க்கரேகையைக் கண்டறியும் முறைக்கு 1714-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அறிவித்த பரிசில் எண்கள் மிகத் தெளிவாகவே இருந்தன: ஒரு பாகைக்குள் துல்லியம் என்றால் 10,000 பவுண்டு, மூன்றில் இரண்டு பாகைக்குள் என்றால் 15,000, அரைப் பாகைக்குள் என்றால் 20,000. ஆனால் அந்த முறை கடலில் நடைமுறைக்கு உகந்ததாகவும் பயனுள்ளதாகவும் இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. ஜான் ஹாரிசன் உருவாக்கிய எச்-4 கடிகாரம், 1764-இல் பார்படோஸுக்குச் சென்ற சோதனைப் பயணத்தில் அரைப் பாகை எல்லைக்குள் வசதியாகவே நின்றது. இருந்தும், ஒரு கடிகாரம் சரியாக ஓடியது தற்செயலாக இருக்கலாம், மற்ற கைவினைஞர்களும் அதைப் போலச் செய்ய முடியும் என்று நிறுவப்பட வேண்டும் என்று பரிசை முடிவு செய்யும் பொறுப்பிலிருந்த தீர்க்கரேகை வாரியம் கருதியது. 1765-இல் வந்த புதிய சட்டம், உள்ளமைப்பை முழுவதும் வெளிப்படுத்தினால் பாதித் தொகை, மறுபாதிக்குக் கூடுதல் நிபந்தனைகள் என்று மாற்றியது. 1773-இல் நாடாளுமன்றம் தலையிட்டு 8,750 பவுண்டு வழங்கியபோது ஹாரிசனுக்கு வயது 80. கடிகாரத்தின் துல்லியம் பற்றிய சண்டை அல்ல இது. ‘நடைமுறைக்கு உகந்த’ என்ற சொல்லுக்கு யார் பொருள் சொல்வது என்பது பற்றியது.

உங்களுக்கு ஹாரிசனைவிட ஒரு வசதி உண்டு. இன்றைய போட்டிகள் பெரும்பாலானவற்றில் கேள்வி கேட்பதற்கென்று ஒரு காலம் ஒதுக்கப்படுகிறது. ஐயங்களைத் தொலைபேசியில் கேட்டுத் திருப்தி அடைந்துவிடாமல் எழுத்தில் கேட்டு, எழுத்தில் வரும் விடையைச் சேமித்து வைக்க வேண்டும். கேள்விகளும் விடைகளும் எல்லாப் போட்டியாளர்களும் பார்க்கும்படி வெளியிடப்படுவது வழக்கம் என்பதால், கேள்வியிலேயே உங்கள் அணுகுமுறை தெரிந்துவிடாதபடி பொதுப்படையாக எழுதுங்கள். ‘நாங்கள் இன்ன உலோகக் கலவையைப் பயன்படுத்தினால் ஏற்பீர்களா?’ என்று கேட்பதைவிட, ‘பொருள்களின் வகைக்கு ஏதேனும் கட்டுப்பாடு உண்டா?’ என்று கேட்பது பாதுகாப்பானது. விதிமுறைக்குத் திருத்தங்கள் இடையில் வரும். கடைசி நாள்வரை வாரம் ஒருமுறையாவது அவற்றைப் பார்க்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

தகுதியும் குழுவும்

யார் பங்கேற்கலாம் என்பதும் யார் பணம் பெறலாம் என்பதும் எப்போதும் ஒன்றல்ல. அமெரிக்கக் கூட்டரசு முகமைகளுக்குப் பரிசுப் போட்டி நடத்தும் பொது அதிகாரத்தை அளித்த, 2010ஆம் ஆண்டின் பெயர் தாங்கிய அமெரிக்கா காம்பீட்ஸ் மறு அங்கீகாரச் சட்டத்தின்படி, பரிசு பெறும் தனிநபர் அந்நாட்டுக் குடிமகனாகவோ நிரந்தர வசிப்பாளராகவோ இருக்க வேண்டும். நிறுவனம் என்றால் அங்கே பதிவு பெற்று அங்கேயே முதன்மை அலுவலகம் கொண்டிருக்க வேண்டும். கூட்டரசு ஊழியர் தம் பணியின் பகுதியாகப் பங்கேற்க முடியாது. ஒவ்வொரு நாட்டிலும் விவரங்கள் மாறினாலும், நாட்டுரிமை, பதிவு, அரசுப் பணி, நடுவர்களோடு உறவு ஆகிய நான்கையும் எங்கும் பார்ப்பார்கள். வேறொரு அரசு மானியத்தில் வாங்கிய கருவியையோ, அந்த மானியத்தில் ஊதியம் பெறும் உதவியாளரையோ போட்டி வேலைக்குப் பயன்படுத்தலாமா என்பதையும் முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

பல்கலைக்கழகத்திலோ ஆய்வு நிறுவனத்திலோ பணிபுரிபவர்கள், போட்டியில் பங்கேற்பது தாமா, தம் நிறுவனமா என்று கேட்டு எழுத்துப்பூர்வ அனுமதி பெறுவது கட்டாயம். பணி ஒப்பந்தத்தில் கண்டுபிடிப்புகள் நிறுவனத்துக்கே சொந்தம் என்று ஒரு வரி இருக்கக்கூடும். கையெழுத்துக்கு உரிய அதிகாரி விடுப்பில் இருப்பார் என்ற எளிய காரணத்தாலேயே காலக்கெடுவைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

பரிசுத் தொகை பெரும்பாலும் ஒரே கணக்குக்குத்தான் வரும். அதை எப்படிப் பிரிப்பது, ஒருவர் இடையில் விலகினால் அவர் பங்கு என்னாகும், முடிவில் கருத்து வேறுபட்டால் யார் சொல் செல்லும் என்பவற்றை, வெல்லும் வாய்ப்புத் தெரியத் தொடங்கும் முன்பே இரண்டு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டுவிடுங்கள். பங்கீட்டையே வெற்றிக்கான உத்தியாக மாற்றியவர்களும் உண்டு. 2009-இல் அமெரிக்கா முழுவதும் பறக்கவிடப்பட்ட 10 சிவப்பு பலூன்களின் இடங்களைக் கண்டறிய டார்ப்பா 40,000 டாலர் அறிவித்தபோது, எம்ஐடி பல்கலைக்கழகத்தின் குழு ஒவ்வொரு பலூனையும் கண்டவருக்கு 2,000 டாலர், அவரை அழைத்து வந்தவருக்கு 1,000, அவரையும் அழைத்தவருக்கு 500 என்று தொகையைச் சங்கிலிபோல் பிரிப்பதாக முன்கூட்டியே அறிவித்தது. ஒன்பது மணி நேரத்துக்குள் பத்துப் பலூன்களும் கிடைத்துவிட்டன.

உரிமை யாரிடம் இருக்கும்?

மேற்சொன்ன அமெரிக்கச் சட்டம், பங்கேற்பாளரின் எழுத்துப்பூர்வ இசைவின்றி அவருடைய அறிவுசார் சொத்தில் அரசு உரிமை பெற முடியாது என்கிறது. ஆனால் பதிவின்போது நீங்கள் ஏற்றுக்கொள்ளும் விதிமுறையிலேயே அந்த இசைவு அடங்கியிருக்கக்கூடும். ஆகவே மூன்று கேள்விகளைத் தனித்தனியே பாருங்கள்: உரிமை முழுவதும் மாற்றப்படுகிறதா, அரசுக்குப் பயன்பாட்டு அனுமதி மட்டுமா, அல்லது எல்லோருக்கும் திறந்த உரிமத்தில் வெளியிட வேண்டுமா? வெல்பவர்களுக்கு மட்டும் பொருந்துகிறதா, பங்கேற்கும் எல்லோருக்குமா என்பது அதைவிட முக்கியம். தோற்றவரின் வேலையிலும் உரிமை கோரும் போட்டியில் நான் இறங்க மாட்டேன்.

வெளியிடும் நிபந்தனை சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் காப்புரிமை பெறும் வாய்ப்பையே அது பாதிக்கக்கூடும். உணவைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்துச் சூடாக்கிக் கெடாமல் காக்கும் முறையைக் கண்டுபிடித்த நிக்கோலா அப்பேருக்கு 1810-இல் பிரெஞ்சு அரசு 12,000 பிராங்க் அளித்தது. முறையை நூலாக வெளியிட வேண்டும் என்பது நிபந்தனை. அதே 1810-இல் உணவைப் பதப்படுத்தும் முறைக்கு இங்கிலாந்தில் பீட்டர் டியூரண்ட் என்பவர் பெயரில் காப்புரிமை வழங்கப்பட்டது. அதில் தகரக் கலங்களும் இடம்பெற்றிருந்தன. பல நாடுகளில், கண்டுபிடிப்பு பொதுவெளிக்கு வந்த பிறகு காப்புரிமை கேட்க முடியாது. நேர்காணல், செயல்விளக்க நாள், வெற்றியாளர் பட்டியலோடு வரும் சுருக்கம் ஆகியவையும் வெளியீடாகக் கருதப்படலாம். காப்புரிமை எண்ணம் இருந்தால் போட்டிக்கு அனுப்பும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

வேலையும் சோதனையும்

நடுவர்கள் எதைக்கொண்டு அளப்பார்களோ அந்த அளவுகோலை முதல் வாரத்திலேயே உங்கள் ஆய்வகத்தில் அமைத்துக்கொள்ள வேண்டும். 2007-இல் நாசா நடத்திய விண்வெளிக் கையுறைப் போட்டியில் 2 லட்சம் டாலர் வென்ற பொறியாளர் பீட்டர் ஹோமர், தம் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே கையுறையைத் தைத்தவர். கையுறை எவ்வளவு எளிதாக மடங்குகிறது, எவ்வளவு அழுத்தம் தாங்குகிறது என்பவையே அங்கே முக்கிய அளவுகள். மேசை எளியதாக இருந்தாலும் அளவுகள் அங்கேயும் அவையேதான்.

சில போட்டிகள் ஒற்றைச் சாதனையைக் கேட்பதில்லை. 60 வாட் குண்டு பல்புக்கு மாற்றாக, 10 வாட்டுக்குக் குறைந்த மின்சாரத்தில் 900 லூமனுக்கு மேல் ஒளி தரும் விளக்குக்காக அமெரிக்க எரிசக்தித் துறை வைத்த ‘எல் பிரைஸ்’ போட்டிக்கு, பிலிப்ஸ் நிறுவனம் 2009-இல் 2,000 விளக்குகளை அனுப்ப வேண்டியிருந்தது. நீண்ட சோதனைகளுக்குப் பிறகு 2011-இல்தான் 1 கோடி டாலர் பரிசு அறிவிக்கப்பட்டது. ஆகவே நாள்காட்டியில் முன்மாதிரி முடியும் தேதியை மட்டும் குறிக்காமல், மாதிரிகளின் எண்ணிக்கை, அவற்றை ஒரே தரத்தில் செய்ய ஆகும் காலம், முடிவுக்காகக் காத்திருக்கும் மாதங்களில் குழுவை எப்படி நடத்துவது ஆகியவற்றையும் எழுதுங்கள். களச் சோதனை உள்ள போட்டிகளில் பொறுப்புக் காப்பீடு கேட்பார்கள். அதற்கும் தொகை ஒதுக்க வேண்டும்.

விண்ணப்பத்தை எழுதுவதும் அனுப்புவதும்

மதிப்பீட்டு அளவுகோல்களையே விண்ணப்பத்தின் உட்தலைப்புகளாக வைத்து, அதே வரிசையில் எழுதுங்கள். நடுவர் ஒரு நாளில் பல விண்ணப்பங்களைப் படிப்பவர்; மதிப்பெண் தாளில் உள்ள வரிக்கு எதிரே எழுத வேண்டியதை அவர் தேடும்படி விடக்கூடாது. 40 மதிப்பெண் உள்ள பகுதிக்கு ஒரு பக்கமும், 10 மதிப்பெண் உள்ள பகுதிக்கு நான்கு பக்கமும் எழுதுவது, தமக்குப் பிடித்ததையே விரிவாகச் சொல்லும் ஆய்வாளர்களின் வழக்கமான பிழை. உங்கள் துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் என்ன சாதித்ததாகச் சொல்கிறீர்கள் என்று இரண்டு வாக்கியத்தில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தோல்வியடைந்த சோதனைகளை மறைக்காமல், அவற்றின் வரம்புகளோடு சொல்வது நம்பகத்தைக் கூட்டும். எப்படியும் களத்தில் அவை தெரியத்தான் போகின்றன.

காலக்கெடு எந்த நேர மண்டலத்தின்படி என்று பாருங்கள். பக்க வரம்பு, எழுத்துரு அளவு, கோப்பின் அளவு, காணொளியின் நீளம் ஆகியவற்றில் சலுகை கிடையாது. ஒருமுறை எங்கள் கோப்பு அனுமதித்த அளவைவிடச் சற்றே பெரிதாக இருந்ததால், கடைசி ஒரு மணி நேரம் படங்களைச் சுருக்குவதிலேயே கழிந்தது. சுருக்கியதில் முக்கியமான வரைபடம் ஒன்றின் எண்கள் மங்கிப்போயின. அதன் பிறகு, இரண்டு நாளுக்கு முன்பே முழுமையான ஒரு பதிப்பைப் பதிவேற்றிவிட்டு, விதிமுறை அனுமதித்தால் பிறகு மேம்பட்டதை மாற்றி வைப்பதை வழக்கமாக்கிக்கொண்டோம். ஒப்புகைச் சீட்டைச் சேமித்து, பதிவேறிய கோப்பை வேறொரு கணினியில் இறக்கித் திறந்து பார்த்துவிடுங்கள்.

முடிவு வந்ததும், வென்றவர்கள் அடையாளம், வங்கி விவரம், தகுதிச் சான்று ஆகியவற்றைக் குறித்த நாளுக்குள் தர வேண்டியிருக்கும். தவறினால் பரிசு அடுத்தவருக்குப் போகலாம். பல நாடுகளில் பரிசுத் தொகை வருமான வரிக்கு உட்பட்டது என்பதால், அதைப் பிரித்துக்கொள்ளும் முன் வரிக்கான பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். வெல்லாதவர்கள் நடுவர்களின் குறிப்புகளைக் கேட்டு எழுத வேண்டும். தர வேண்டிய கட்டாயம் இல்லாத அமைப்புகளும், கேட்டால் சில சமயம் தருகின்றன, அடுத்த கட்டப் போட்டி அறிவிக்கப்படும்போது முதலில் திறக்க வேண்டிய கோப்பு அதுவாகத்தான் இருக்கும்.