பங்காளி மேல் வழக்குப் போடும் முன் மனசை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

நான் சிவில் வக்கீல். பாகப்பிரிவினை, வேலித் தகராறு, பொதுச்சந்து வழக்குகள்தான் அதிகம். நிலம் கிடைக்கிறதோ இல்லையோ, எதிராளி ஊர் நடுவே தலைகுனிய வேண்டும் என்று வருகிறவர்கள் நிறைய. உங்களுக்கும் அப்படித் தோன்றினால், நோட்டீஸ் அனுப்பும் முன் ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இடப்பக்கம், எனக்குச் சேர வேண்டியது: சர்வே எண், எத்தனை சென்ட், கிணற்றுத் தண்ணீரில் எத்தனை முறை. வலப்பக்கம், அவனுக்கு நடக்க வேண்டியது. மறைக்காமல் எழுதுங்கள். ஒருவர் எழுதினார்: "அவன் மக நிச்சயதார்த்தப் பந்தல்ல அமீனா சம்மனோட வந்து நிக்கணும்." நாலு சென்ட் வழக்கு அது. இடப்பக்கத்துக்குக் கோர்ட்டில் வழி உண்டு. வலப்பக்கத்தை எந்த நீதிபதியும் தீர்ப்பாக எழுதித் தரமாட்டார்.

அந்த வெறி இயல்பானதுதான். 2004-ல் வெளிவந்த சூரிச் ஆய்வொன்றில், ஏமாற்றியவரைத் தண்டிக்கப்போகிறவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். பரிசு கிடைக்கப்போகும்போது விழித்துக்கொள்ளும் பகுதிதான் அப்போதும் விழித்தது. ஆனால் 2008-ல் கார்ல்ஸ்மித், வில்சன், கில்பர்ட் மூவரும் கண்டது வேறு: தண்டித்தவர்கள், தண்டிக்க வாய்ப்பே கிடைக்காதவர்களைவிட மனம் கசந்திருந்தார்கள், ஏமாற்றியவனையே நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஜெயித்த கட்சிக்காரர்கள் சிலரிடம் நானும் இதைப் பார்க்கிறேன். தீர்ப்பு நகல் கையில் இருக்கும், தூக்கம் மட்டும் வராது.

அதனால் வலப்பக்கத்தை விடப் பழகுங்கள். ஒரே நாளில் முடியாது. டீக்கடையில் அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வதை நிறுத்துவதே நல்ல தொடக்கம். சொல்லச் சொல்லக் கோபம் ஏறும்.

இடப்பக்கத்தை விடாதீர்கள். பெண்களிடம் இதை அழுத்திச் சொல்வேன். "அண்ணன்தானே, மன்னிச்சு விட்டுக்கொடு" என்று, பங்கு வேண்டாம் என எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்தின்படி பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம உரிமை. பங்கை வாங்கிக்கொண்டும் மன்னிக்கலாம். மன்னித்த பிறகு அவர் வீட்டு விசேஷத்துக்குப் போகாமலும் இருக்கலாம், அது உங்கள் இஷ்டம்.

வழக்குப் போட்ட பிறகும் மனம் இளகினால் மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ராஜியானால் கட்டிய கோர்ட் ஃபீஸ் திரும்பக் கிடைக்கும், மேல்முறையீடும் கிடையாது. ராஜி மனுவில் சந்தின் அகலத்தை அடி, அங்குலத்தோடு எழுதி வரைபடமும் சேருங்கள். "வழக்கப்படி நடந்துகொள்வது" என்று மொட்டையாக விட்டால், பிள்ளைகள் காலத்தில் அதே சந்துக்கு மறுபடி அளவுக்கல் தேடுவார்கள்.