கழற்றிய ஹைப்ரிட் பற்றரியை இறுக்கித் திரும்பப் பூட்டுவது

2020 மார்ச்சில் இலங்கையில் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் திரும்பத் தொடங்கியது. அது நின்ற நாள் தொட்டு, மட்டக்களப்புப் பக்கம் பழைய பிரியஸை, டொயோட்டாவின் ஹைப்ரிட் காரை, யாரும் இலேசில் கைவிடுவதில்லை. என்னுடையது இரண்டாம் தலைமுறை வண்டி. அதன் பற்றரிக்குள் வரிசையாக 28 மொடியூல், அதாவது தனித்தனிச் சிறு பற்றரிகள், ஒவ்வொன்றும் 7.2 வோல்ற்று, மொத்தம் 201.6. பழுதான மொடியூலைக் கண்டுபிடிப்பது, சார்ஜ் ஏற்றி இறக்கிச் சோதிப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். நான் மாட்டிக்கொண்டது அதற்குப் பிறகுதான், திரும்பப் பூட்டும்போது.

கழற்றும் முன்பே ஒரு வேலை இருக்கிறது. மொடியூல் வரிசையின் இரு அந்தத்திலும் உள்ள தகடுகளுக்கு இடையிலுள்ள நீளத்தை மேலேயும் கீழேயும் அளந்து எழுதி வையுங்கள். பின்னால் எவ்வளவு இறுக்குவது என்பதற்கு அந்த இலக்கம்தான் கணக்கு.

நான் அளக்கவில்லை. மொடியூல்களை மேசையில் தனித்தனியே வைத்து முழுச் சார்ஜ் ஏற்றினேன். நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் மொடியூல் சார்ஜ் ஏறும்போது உள்ளே வாயு அழுத்தம் கூடும், உறை பிளாஸ்ரிக். பக்கத்தில் அணைத்துப் பிடிக்க ஒன்றும் இல்லாவிட்டால் வயிறு தள்ளிவிடும். ஒன்றில் ஒரு மில்லிமீற்றர் வீங்கினாலும் 28 சேரும்போது ஏறத்தாழ மூன்று சென்ரிமீற்றர். அடித்தட்டில் ஒவ்வொரு மொடியூலுக்கும் ஒரு போல்ட் வரும். என் வரிசையில் கடைசி எட்டின் துளைகள் நேருக்கு வரவேயில்லை. போல்ட்டைச் சரித்து முறுக்கிப் பார்த்ததில் இரண்டு மொடியூலின் மரை போய்விட்டது. நல்ல மொடியூல்கள் அவை. இன்றும் மனம் ஆறவில்லை.

சரியான முறை இதுதான். கார் பல்ப் ஒன்றைப் பூட்டி ஒவ்வொரு மொடியூலையும் 6 வோல்ற்று வரை இறக்குங்கள். சார்ஜ் குறைந்த மொடியூல் அழுத்தத்துக்கு இணங்கும். பிறகு கூட்டல் முனையும் கழித்தல் முனையும் மாறி மாறி வர அடுக்கி, இரு முனையிலும் தடித்த பலகை வைத்து, முழு நீளமும் மரை வெட்டிய நான்கு கம்பிகளால் பிணையுங்கள், மேலே இரண்டு, கீழே இரண்டு. ஓடாவிமாரின் நீளக் கிளாம்ப்பும் உதவும், ஆனால் எனக்குக் கம்பிதான் பிடிக்கும். நான்கு மூலையையும் தனித்தனியே இறுக்கலாம். நட்டைக் கால் சுற்று, அடுத்த மூலையில் கால் சுற்று என்று போங்கள். மேலே மட்டும் இறுக்கினால் அடி விசிறிபோல் விரியும். ஓர் இரவு விட்டு, காலையில் மறுபடி இறுக்குங்கள். எழுதி வைத்த நீளம் வந்ததும் நிறுத்துங்கள். மொடியூல்களுக்கு நடுவேயுள்ள சின்னப் புடைப்புகள் காற்றோட்டத்துக்கானவை, அவற்றை நசுக்கக் கூடாது. வெடித்ததையும், மின்முனையடியில் வெள்ளைப் பூப் பூத்ததையும் ஒதுக்கிவிடுங்கள்.

சார்ஜ் ஏற்றுவது இந்தப் பிணைப்புக்குள்தான். பூட்டும்போது பாதிச் சார்ஜ் இருக்கட்டும். பிரியஸுக்குத் தனி ஸ்டார்ட்டர் மோட்டர் கிடையாது, எஞ்சினைச் சுழற்றுவதே இந்தப் பற்றரிதான். நடுப்பகுதி அதிகம் சூடாகும், அதனால் கொள்ளளவு குறைந்த மொடியூல்களை நான் ஓரங்களில் வைக்கிறேன்.

அடிப் போல்ட்டுகளை முதலில் விரலால் எல்லாவற்றிலும் பிடிக்க வைத்து, பிறகு இறுக்குங்கள். கடைசியில்தான் கம்பியைத் தளர்த்த வேண்டும்.

மொடியூல்களை ஒன்றோடொன்று இணைக்கும் செப்புப் பட்டைகள் எங்கள் உப்புக் காற்றில் பச்சை பிடித்திருக்கும். குத்துவிளக்குத் துலக்குவதுபோலப் புளி போட்டுத் தேய்த்து, நன்றாகக் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் காயவிடுங்கள். ஒரு பக்கப் பட்டைகளை மட்டும் பூட்டும்வரை இரண்டு மொடியூலின் வோல்ற்றுதான் இருக்கும். மறுபக்கம் பூட்டத் தொடங்கியதும் அது கூடிக்கொண்டே போய் 200ஐத் தாண்டும், ஆளைக் கொல்லும். 1000 வோல்ற்றுக் கையுறை இல்லாமல் அந்தப் பக்கம் தொடாதீர்கள். மோதிரம், கைக்கடிகாரம் எதுவும் வேண்டாம். பட்டைகளின் 8 மில்லிமீற்றர் நட்டுக்கு 5.4 நியூற்றன் மீற்றர் இறுக்கம் போதும். இதற்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் கால் அங்குலச் சிறிய டோர்க் ரெஞ்ச் வாங்குங்கள். சில்லுக்குப் பாவிக்கும் பெரியது இங்கே உதவாது, மின்முனை முறிந்துவிடும்.

வெப்ப உணரிகளையும் வாயுக் குழாயையும் மறவாமல் பொருத்துங்கள்.

பிற்சேர்க்கை: கல்முனையிலிருந்து ஒருவர், எல்லாம் சரியாகப் பூட்டியும், வண்டி ஓடத் தயார் என்று காட்டும் ரெடி விளக்கு எரியவில்லை என்று எழுதியிருந்தார். பி0ஏ0டி என்ற பழுதுக் கோட் வந்தால், பற்றரியின் மின்னிணைப்பைத் துண்டிக்கும் செம்மஞ்சள் சர்விஸ் பிளக்கைப் பாருங்கள். செருகி, கைப்பிடியை மேலே நிமிர்த்தியதோடு விட்டிருப்பீர்கள். அதன்பின் கைப்பிடியைக் கீழ்நோக்கித் தள்ளிப் பூட்ட வேண்டும். அவருக்கும் அதுதான்.